வாப்பாட பேர் எங்க, சேர்?

போன தவணை முடிவதற்கு முந்திய கிழமை எமது பாடசாலையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவன் ஒரு வேலை பார்த்தான். வீட்டில் கிடந்த பழைய கசட் ஒன்றிலிருந்து பொல்லடிப் பாட்டை எடுத்துக் கணினியில் ஏற்றினான். அடியில் டான்ஸ் மியூசிக் பீட் ஒன்றைப் போட்டான். நடுவில் ஒரு ஹிந்திப் பாட்டின் துண்டையும் சொருகி, இரண்டரை நிமிடத்தில் முடித்து வட்ஸ்அப்பில் விட்டான். இரண்டே நாளில் ஓட்டோக்களிலும் கல்யாண வீடுகளிலும் அதுதான். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. கம்புகள் அடிபடும் அந்த டக் டக் ஓசை, பீட்டோடு அப்படிப் பொருந்தியிருந்தது.

மூன்றாம் நாள் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். அந்தக் கசட்டில் பாடிய அண்ணாவியாரின் மகன். மௌத்தாகிப் போன தன் தகப்பனின் குரலை ஓட்டோ ஒன்றுக்குள் இருந்து கேட்டிருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "காசி கேட்டு வரல்ல சேர். பாட்டு தொடங்கக்குள்ள டிஜே இன்னார்ண்டு பொடியன்ட பேர் வருது. வாப்பாட பேர் எங்க, சேர்?"

ஆசிரியர் அறையில் அன்று நல்ல வாக்குவாதம். ஒருவர் இது களவு என்றார். இன்னொருவர், இப்படியாவது பொல்லடி பிள்ளைகளின் காதில் விழுகிறதே என்றார். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "உலகத்துல எல்லாரும் செய்றதுதானே சேர்" என்றான். அது உண்மைதானா, செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்து எழுதுகிறோம் என்று அவனிடம் சொன்னோம். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றோடு உட்காருங்கள். இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் இங்கே வேண்டாம், அதற்கு வேறு சபைகள் இருக்கின்றன.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு பாட்டை அதன் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டபடி இன்னொருவர் மாற்றி அமைத்தால் அது ரீமிக்ஸ். யாரும் கேட்காமல் தானாக மாற்றினால் அது பூட்லெக் ரீமிக்ஸ். ஒரு பாட்டின் குரலைப் பிடுங்கி இன்னொரு பாட்டின் இசைமேல் உட்கார வைத்தால் மேஷப். பூட்லெக் என்ற சொல் சாராயக் கடத்தலில் இருந்து வந்தது. நீளமான சப்பாத்துக்குள், காலோடு சேர்த்து போத்தலை ஒளித்துக்கொண்டு போவார்களாம். பெயரிலேயே களவு வாசம் இருக்கிறது. அந்தப் பெயரைத் தமக்குத் தாமே வைத்துக்கொண்டவர்களும் இந்த ஆட்கள்தான்.

இந்தக் கதை வானொலியில் பிறந்த கதை. இன்னும் சரியாகச் சொன்னால் வானொலியைப் போல நடித்த ஒரு இசைத்தட்டில் பிறந்த கதை. 1956இல் அமெரிக்காவில் பில் புக்கானன், டிக்கி குட்மேன் என்ற இருவர் 'பறக்கும் தட்டு' என்ற பெயரில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். வானொலிச் செய்தியாளர் ஒருவர் பதற்றத்தோடு வேற்றுக்கிரகவாசிகள் இறங்கிவிட்டார்கள் என்று அறிவிப்பார். பார்த்தவர்களிடம் கேள்வி கேட்பார். பதிலாக அப்போது பிரபலமாக இருந்த பாட்டுகளிலிருந்து ஒரு வரித் துண்டு வந்து விழும். லிட்டில் ரிச்சர்ட், ஃபெட்ஸ் டொமினோ, எல்விஸ் பிரஸ்லி என்று எல்லோருடைய குரலும் அதில் பதில் சொன்னது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சனம் சிரித்துச் சிரித்து வாங்கியது. பாட்டு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் மீதான வழக்கையே பொருளாக வைத்து, அதே ஒட்டு முறையில் இன்னொரு இசைத்தட்டைப் போட்டார்கள். பிடிபட்ட மாணவன், கொப்பி அடித்தது எப்படி என்று கட்டுரை எழுதித் தந்தது போல.

பிறகு 1980களின் தொடக்கத்துக்கு வருவோம். கதையில் எமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சிக்காகோ நகரில் டபிள்யூ.பி.எம்.எக்ஸ் என்றொரு எஃப்.எம் நிலையம். 1981இல் அங்கே ஐந்து இளைஞர்களைச் சேர்த்து 'ஹொட் மிக்ஸ் ஃபைவ்' என்று ஒரு குழு அமைத்தார்கள். ஃபார்லி, ரால்ஃபி ரொசாரியோ, மிக்கி ஒலிவர், கென்னி ஜேசன், ஸ்கொட் சில்ஸ் என்பவர்கள் அவர்கள். இவர்கள் பாட்டுப் போடும் அறிவிப்பாளர்கள் அல்ல. ஒரு பாட்டு முடிய முதல் அடுத்ததை உள்ளே இறக்கி, இரண்டையும் ஒன்றுமேல் ஒன்று ஓடவிட்டு, எங்கே ஒன்று முடிந்தது எங்கே மற்றது தொடங்கியது என்று தெரியாமல் செய்பவர்கள். சனிக்கிழமை இரவுகளில் சிக்காகோ இளைஞர்கள் வெறும் கசட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் இருந்தார்கள். ஹவுஸ் என்று இன்று உலகமெல்லாம் சொல்லும் டான்ஸ் இசை வளர்ந்தது இந்த நகரத்தில்தான். அது கிளப்புகளை விட்டு வெளியே வந்து வீடுகளுக்குள் போனதில் இந்த ரேடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நியூயோர்க்கிலும் அதே காலம். 98.7 கிஸ் எஃப்.எம்மில் ஷெப் பெட்டிபோன் என்பவர் 'மாஸ்டர் மிக்ஸ்' என்று செய்துகொண்டிருந்தார். ஆயத்த வேலையைப் பலரும் டேப்பில்தான் செய்தார்கள். ரீல் டேப்பைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, ட்ரம் அடி விழும் சரியான இடத்தைக் காதால் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் அடையாளம் போட்டு, சவர பிளேடால் சரிவாக வெட்டி, இன்னொரு துண்டோடு ஒட்டுநாடாவால் ஒட்டுவார்கள். ஒரு சொல்லைத் திக்கித் திக்கிப் பேச வைக்க வேண்டுமென்றால், அந்த ஒரு சொல்லை எட்டுத் தடவை பிரதி எடுத்து எட்டுத் துண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு நிமிட இசைக்கு ஒரு இரவு போய்விடும்.

இதை வாசிக்கும்போது எமது நானாவின் ஞாபகம் வந்தது. எண்பதுகளில் ஊர் ரெக்கோர்டிங் பாரில் வேலை செய்தவர். பிளேடு எல்லாம் கிடையாது. இரண்டு கசட் போடும் செட் ஒன்றும் அதன் 'போஸ்' பட்டனும்தான் அவருடைய ஆயுதம். ஒரு பாட்டின் பல்லவி முடியும் கணத்தில் பட்டனை அமுக்கி, அடுத்த கசட்டை மாற்றி, அடுத்த பாட்டின் சரணம் தொடங்கும் கணத்தில் விடுவார். கல்யாண வீட்டுக்கு 'நொன்ஸ்டொப்' கசட் இப்படித்தான் அவர் செய்து கொடுத்தார். உறை அட்டையில் கடையின் பெயரை மட்டும் பெரிதாக எழுதுவார். பாடியவர் பெயர் எழுத இடமும் இல்லை, எழுத வேண்டும் என்று தோன்றவுமில்லை. பக்கத்தில் இருந்து அட்டையை வெட்டிக் கொடுத்தது நாம்தான். ஆகவே அந்தத் தம்பியைக் களவன் என்று சொல்ல எமக்கு முழு வாய் இல்லை.

நியூயோர்க்குக்குத் திரும்புவோம். 1983இல் டொமி போய் என்ற இசைத்தட்டுக் கம்பனி ஒரு போட்டி வைத்தது. தங்கள் பாட்டு ஒன்றைத் தருவோம், யார் சிறப்பாக ரீமிக்ஸ் செய்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. விளம்பர வாசகம் எழுதும் ஸ்டீவ் ஸ்டெய்ன் என்பவரும், ஒலிப்பதிவு வேலை செய்த டக் டிஃப்ராங்கோ என்பவரும் ஒரு வார இறுதியில் ஸ்டூடியோவில் குந்தியிருந்து ஐந்தரை நிமிடத்துக்குக் கிட்ட ஒரு சாமான் செய்தார்கள். 'லெசன் 1' என்று பெயர். நாம் ஆசிரியர்கள் என்பதால் பெயரே பிடித்துப்போனது. கொடுத்த பாட்டோடு பத்துப் பதினைந்து வேறு பாட்டுகளின் துண்டுகளையும் சேர்த்திருந்தார்கள். கூடவே நியூயோர்க்கின் பழைய மேயர் லாகார்டியாவின் குரலும் வருகிறது. 1945இல் பத்திரிகை விநியோகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, பிள்ளைகள் ஏமாறக் கூடாது என்று அந்த மேயர் ரேடியோவில் சித்திரக் கதைகளை வாசித்துக் காட்டினார். அந்தப் பதிவிலிருந்து ஒரு துண்டு. ஒரு ரேடியோ நிகழ்ச்சி நாற்பது வருடம் கழித்து இன்னொரு ரேடியோ நிகழ்ச்சிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆபிரிக்கா பம்பாட்டா, ஷெப் பெட்டிபோன் போன்றவர்கள் நடுவர்கள். பரிசு இவர்களுக்கே கிடைத்தது. ரேடியோக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆனால் கடையில் அதை விற்க முடியவில்லை. உள்ளே இருக்கும் துண்டுகளுக்கு யாரிடம் அனுமதி கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது? விளம்பரப் பிரதிகளாக ரேடியோ நிலையங்களுக்கும் டிஜேக்களுக்கும் போனதோடு சரி. எல்லோரும் கேட்டார்கள், யாரும் வாங்க முடியவில்லை.

ஏன் ரேடியோவில் முடிந்தது, கடையில் முடியவில்லை? இது கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். பாட்டு ஒன்றை ஒலிபரப்ப ரேடியோ நிலையம் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்பதில்லை. உரிமைச் சங்கங்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டு, பட்டியலில் உள்ளதை எல்லாம் போடும். பல பஸ் ஏறுவதற்கு ஒரே சீசன் டிக்கட் மாதிரி. ஆனால் இரண்டு பாட்டை வெட்டி ஒட்டி மூன்றாவதாக ஒன்று செய்வதற்கு அந்த டிக்கட் செல்லாது. அதற்குப் பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், பதிவின் சொந்தக்காரர் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். சட்டப்படி அப்படி. நடைமுறையில் காற்றில் போனது காற்றோடு போயிற்று என்று விட்டுவிட்டார்கள். கடையில் விலை ஒட்டி வைத்தால்தான் வக்கீல் கடிதம் வரும். அதனால்தான் இந்தக் கள்ளச் சரக்குக்கு இரவு நேர டான்ஸ் நிகழ்ச்சிகள் வீடாகின.

1987இல் கதை லண்டனுக்கு மாறியது. அந்தக் காலத்தில் லண்டனில் டான்ஸ் இசை கேட்க வேண்டுமென்றால் பாதி நேரம் அனுமதியில்லாத ரேடியோக்களைத்தான் பிடிக்க வேண்டும். உயரமான மாடிக் கட்டடங்களின் உச்சியில் அன்டனா கட்டி ஒலிபரப்புவார்கள். அதிகாரிகள் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள், மறுபடி கட்டுவார்கள். லண்டன் கிஸ் எஃப்.எம் அப்படி 1985இல் தொடங்கி, 1990இல்தான் சட்டபூர்வமான அனுமதி பெற்றது. மெட் பிளெக், ஜொனதன் மோர் என்ற கோல்ட்கட் இரட்டையர் அங்கே நிகழ்ச்சி செய்தார்கள். 'லெசன்' பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். இவர்கள் எரிக் பி, ரக்கிம் என்ற அமெரிக்க ரெப் இரட்டையரின் பாட்டு ஒன்றை ரீமிக்ஸ் செய்யும்போது, ஒஃப்ரா ஹாசா என்ற பாடகியின் குரலை நடுவில் வைத்தார்கள். அது 17ஆம் நூற்றாண்டில் யெமனில் வாழ்ந்த யூத மதகுரு ஒருவரின் கவிதை. யெமன் கவிதை, நியூயோர்க் ரெப், லண்டன் வெட்டு. எரிக் பிக்கு அந்த ரீமிக்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள், ஆனால் பாட்டை உலகத்துக்குக் கொண்டுபோனது அதுதான்.

அதே வருடம் ஒக்டோபரில் மார்ஸ் என்ற குழுவின் 'பம்ப் அப் த வொல்யூம்' பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. முழுக்க முழுக்க மற்றவர்களின் துண்டுகளால் தைத்த பாட்டு. அதில் தங்கள் பாட்டின் சிறு துண்டு இருக்கிறதென்று பீட் வோட்டர்மன் தரப்பு நீதிமன்றம் போனது. வோட்டர்மன் அந்த நாட்களின் பெரிய தயாரிப்பாளர். இது மொத்தக் களவு என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். உடனே சில பத்திரிகைகள், ஐயா உங்கள் தயாரிப்பில் வந்த ரிக் அஸ்ட்லி பாட்டின் பேஸ் இசை வேறொருவருடைய பாட்டின் சாயலில் இருக்கிறதே என்று எழுதின. அந்த ரிக் அஸ்ட்லி பாட்டு ஐந்து கிழமை முதலிடத்தில் இருந்தது. அதற்கு அடுத்து முதலிடத்தில் உட்கார்ந்தது 'பம்ப் அப் த வொல்யூம்' என்பது தனிக் கதை.

அதே வருடம் இன்னும் இரண்டு பேர் அப்பா குழுவின் பாட்டை அப்படியே எடுத்துத் தங்கள் அல்பத்தில் போட்டு மாட்டிக்கொண்டார்கள். எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும் என்று உத்தரவு. நேரில் பேசித் தீர்க்கலாம் என்று லண்டனிலிருந்து சுவீடன் வரை காரில் போனார்கள். அப்பாவைச் சேர்ந்த ஒருவரையும் சந்திக்க முடியவில்லை. கொண்டுபோன பிரதிகளில் கொஞ்சத்தை வயலில் போட்டு எரித்தார்கள், மிச்சத்தை வரும் வழியில் கப்பலிலிருந்து கடலில் வீசினார்கள்.

அமெரிக்காவில் 1991இல் பிஸ் மார்க்கி என்ற ரெப் பாடகருக்கு எதிரான வழக்கில் நீதிபதி தன் தீர்ப்பையே, களவெடுக்காதே என்ற வேதக் கட்டளையோடு தொடங்கினார். அந்த நாளிலிருந்து பெரிய கம்பனிகள் பயந்துவிட்டன. பிஸ் மார்க்கி தன் அடுத்த அல்பத்துக்கு 'எல்லாத் துண்டுக்கும் அனுமதி உண்டு' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். ரோஷக்காரன்.

பிறகு கணினி வந்தது. 1998இல் வந்த எசிட் என்ற மென்பொருள், எந்தப் பாட்டுத் துண்டைப் போட்டாலும் சுருதி கெடாமல் வேகத்தைப் பொருத்திக் கொடுத்தது. அடுத்த வருடம் நெப்ஸ்டர் வந்தது, உலகத்துப் பாட்டுகள் எல்லாம் வீட்டுக்கு வந்தன. நானாவுக்கு ஒரு இரவு பிடித்த வேலை, ஒரு பள்ளிப் பொடியனுக்கு அரை மணித்தியாலம்.

லண்டனில் எக்ஸ்.எஃப்.எம் என்ற நிலையத்தில் 2000இல் 'த ரீமிக்ஸ்' என்றொரு நிகழ்ச்சி தொடங்கியது. எடி டெம்பிள் மொரிஸ், ஜேம்ஸ் ஹைமன் என்ற இருவர் நடத்தினார்கள். படுக்கையறையில் செய்த மேஷப்புகள் இங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தன. 2001இல் ரோய் கெர் என்பவர், கிறிஸ்டினா அகிலேராவின் பொப் குரலை ஸ்ட்ரோக்ஸ் என்ற ரொக் குழுவின் கிட்டார் மேல் வைத்தார். ரொக் கேட்பவர்கள் பொப்பை ஏளனமாகப் பார்த்த காலம். இரண்டும் ஒன்றாக ஓடும்போது இரண்டு பக்கமும் வாயடைத்துப் போனது. எமது ஊரில் ஹிந்திப் பாட்டுக்காரரும் தமிழ்ப் பாட்டுக்காரரும் சண்டை பிடிக்கும்போது ஒருவன் இரண்டையும் சேர்த்துப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. பின்னர் அதே அகிலேரா தன் பாட்டொன்றை ரீமிக்ஸ் செய்யக் கூலி கொடுத்து அழைத்தது அதே ரோய் கெரை. 2004இல் போல் மெக்கார்ட்னி தன் இசைப் பயணத்துக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

ரிச்சர்ட் எக்ஸ் என்பவர், அடினா ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பாடகி 1995இல் பாடிய பாட்டின் குரலை, கேரி நியூமனின் 1979ஆம் ஆண்டு மின்னிசை மேல் வைத்து, கம்பனிப் பெயரில்லாத வெள்ளை லேபல் தட்டாக வெளியிட்டார். அதை முறையாக வெளியிடலாம் என்று பார்த்தபோது அடினா ஹோவர்டின் குரலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நியூமன் சம்மதித்தார். ஆகவே குரலை எடுத்துவிட்டு, சுகபேப்ஸ் என்ற பெண்கள் குழுவைப் புதிதாகப் பாட வைத்தார்கள். 2002இல் அது பிரிட்டனின் முதலிடம். பூட்லெக் ஒன்று உடுப்பு மாற்றிக்கொண்டு முன் கதவால் வந்த கதை இது. ஆனால் நாம் நின்று யோசித்தது அடினா ஹோவர்டைப் பற்றித்தான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. சொன்னார். அதனால் ஒரு குரல் மாறியது, உலகம் அழியவில்லை.

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் டேவிட், ஸ்டீபன் டிவேல் என்று இரு சகோதரர்கள். ஸ்டூடியோ பிரசல்ஸ் வானொலியில் இவர்கள் செய்த கலவைகள் பிரபலமாகி, 2002இல் '2மெனிடிஜேஸ்' என்ற பெயரில் ஒரு அல்பமாக வந்தன. கிராமியப் பாடகி டொலி பார்ட்டனின் குரலுக்குக் கீழே நோர்வே நாட்டு மின்னிசை ஓடும். பெண்கள் ரெப் குழு ஒன்றுக்குக் கீழே ஸ்டூஜஸின் பழைய கிட்டார் அலறும். ரேடியோவில் போடும்போது கவலை இல்லை. சீடியாக விற்க வேண்டும் என்றதும் அனுமதிக்கு ஆள் தேடத் தொடங்கினார்கள். 187 பாட்டுகளுக்குக் கேட்டார்கள். 114க்குச் சம்மதம் கிடைத்தது. 62 பேர் மறுத்தார்கள். மிச்சம் 11 பாட்டுகளின் சொந்தக்காரர் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த 11ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

எங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் நெருங்கி வருவோம். 2002இல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'அடிக்டிவ்' என்ற பாட்டு அந்த நாட்டு ரேடியோக்களில் ஓடோ ஓடென்று ஓடியது. தயாரித்த டிஜே குவிக் ஒரு நாள் தொலைக்காட்சியில் கேட்ட ஹிந்திப் பாட்டு ஒன்றைப் பதிந்து அதன்மேல் பீட் போட்டிருந்தார். அது 1981இல் வந்த 'ஜோதி' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடியது, இசை பப்பி லஹிரி. அட்டையில் லஹிரி பெயர் இல்லை. வழக்குப் போட்டார். அவர் பெயரைப் போடாமல் அந்த அல்பத்தை விற்கக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. லஹிரியே மேற்கத்திய மெட்டுகளை எடுப்பவர் என்று பம்பாயில் பேச்சு இருந்தது வேறு விடயம். ஆனால் நீதிமன்றம் பிடித்த இடத்தைப் பாருங்கள். அந்த மனிதர் எமது பாடசாலைக்கு வந்து கேட்டதும் அதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்து, 1986இல் குடும்பத்தோடு லண்டனுக்குப் போன மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.யும் இந்தக் கதைக்குள் வருகிறார். 2004இல் தன் முதல் அல்பம் வெளிவர முன்பே, டிப்லோ என்ற டிஜேயோடு சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் செய்தார். தன் குரலை அமெரிக்கப் பிரபலங்களின் இசைமேல் அனுமதியில்லாமல் ஒட்டிய சரக்கு. கையால் கொடுத்துத்தான் பரப்பினார்கள். அவரை உலகம் கவனித்தது அதில்தான். அதற்குப் பிறகு வந்த முறையான அல்பமோ, துண்டுகளுக்கு அனுமதி எடுக்கும் வேலையால் தாமதித்தது.

அதே 2004இல் டேஞ்சர் மவுஸ் என்பவர் ஜே-சீயின் ரெப்பை பீட்டில்ஸ் இசையோடு கலந்து 'த கிரே அல்பம்' செய்தார். ஈ.எம்.ஐ தடுத்தது. பெப்ரவரி 24ஆம் திகதி சுமார் 170 இணையத்தளங்கள் எதிர்ப்பாக அதை இலவசமாக வைத்தன. ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் இறங்கின என்பார்கள். தடுக்கப் போனவர்களே விளம்பரம் செய்ததாக முடிந்தது.

ஆக, எல்லாரும் செய்றதுதானே என்ற தம்பியின் பேச்சு பாதி சரி. செய்தார்கள். ஆனால் பெரிய பாடகர்களுக்கு வக்கீல் இருந்தார், கம்பனி இருந்தது, வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தது. ஜே-சீயின் குரலை எடுத்தால் அது ஜே-சீ என்று முழு உலகத்துக்கும் தெரியும், பெயர் எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. எமது அண்ணாவியாருக்கு அந்தக் கசட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. பெயரைப் போடாவிட்டால் ஆளே இல்லை. கரையோரத்தில் இருந்த எத்தனை வீட்டுக் கசட்டுகள் சுனாமியோடு போயின என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த விடயத்தில் எங்களுக்கு நல்ல முன்மாதிரி இருந்தது. இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்லித்தான் போடுவார்கள். பீ.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் வாயால் கேட்டுக் கேட்டே படம் பார்க்காத எமக்கும் கவிஞர்களின் பெயர் பாடமானது. ரெக்கோர்டிங் பாரில் நாம் எழுதாமல் விட்டதை அவர்கள் ஒரு நாளும் சொல்லாமல் விடவில்லை.

தம்பியிடம் பேசினோம். கோபிக்கவில்லை. மகனையும் கூப்பிட்டு, ஒரே மேசையில் மூவரும் இருந்து அந்தப் பாட்டை இரண்டு தரம் கேட்டோம். இரண்டாம் தரம் கேட்கும்போது மகன் விரலால் மேசையில் தாளம் போட்டார். பாட்டை எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. தம்பி புதிதாக ஒன்று செய்திருக்கிறான். தொடக்கத்தில் அண்ணாவியாரின் பெயரும் ஊரும் வருகிறது, மகனே தன் வாயால் சொல்லியிருக்கிறார். டிஜேயின் பெயர் கடைசியில். ஹிந்தித் துண்டை எடுத்துவிட்டான். அதற்கு அனுமதி கேட்க அவனுக்கு வழியும் இல்லை, எமக்கும் இல்லை.

ஆனால் வெளியிட முடியாமல் நிற்கிறது. அந்தக் கசட்டில் அண்ணாவியார் ஒரு அடி பாட, இன்னொரு குரல் அடுத்த அடியை வாங்கிப் பாடுகிறது. கொஞ்சம் மெல்லிய, மூக்கால் வரும் குரல். மகன் ஒரு பெயர் சொல்கிறார். அந்தக் காலத்தில் கூட ஆடிய இன்னொரு பெரியவர், அது அவரல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குழுவில் இருந்து வந்தவர் என்கிறார். கசட்டின் உறையில் கடையின் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

அந்த இடத்தை மட்டும் நாற்பது செக்கனுக்கு வெட்டி, முதலாவது கொமெண்டில் போட்டிருக்கிறோம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் ஒரு தரம் காதில் வைத்துக் காட்டுங்கள். குரலை அடையாளம் கண்டவர்கள் அவருடைய பெயரையும், குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் உள்பெட்டியில் எழுதுங்கள்.